அவுஸ்திரேலியாவில கரிக்கோச்சி வீடியோ எடுக்கப் போறவைக்கு

கொழும்பில இருந்து அவுஸ்திரேலியாவுக்குப் போற எங்கட ஆக்கள் பெரும்பாலும் அக்கா வீடு, சித்தப்பா வீடு, கோயில், கடைத்தொகுதி, கங்காரு எண்டு சுத்திப்போட்டுத் திரும்பி வந்திடுவினம், நானும் முதல்தரம் அப்பிடித்தான். ரெண்டாந்தரம் ஒரு யூலை மாசம் நிக்கேக்க அத்தான் ஞாயிற்றுக்கிழமை விடிய என்னை எழுப்பி, மெல்பேர்ணில இருந்து கிட்டத்தட்ட 120 கிமீ தள்ளியிருக்கிற காசில்மெயின் எண்ட சின்ன டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனார், அங்க இருந்து மோல்டன் வரைக்கும் காட்டுக்குள்ளால ஒரு பழைய கரிக்கோச்சி ஓடுது. அண்டைக்குப் போனில எடுத்த வீடியோ முழுக்கக் காத்துச் சத்தமும் நாங்கள் கதைக்கிறதும்தான், ஆனா அந்த எஞ்சின் மூச்சு வாங்கி வாங்கி ஏறி வந்த சத்தம் என்ர காதில நிண்டிட்டு. அதுக்குப் பிறகு ரெண்டு தரம் இதுக்கெண்டே போய் வந்தாச்சு. இப்ப படிக்கப் போற பிள்ளைகளும் விசிட் போற ஆக்களும் எப்பிடி எடுக்கிறதெண்டு கேக்கினம், அதால தெரிஞ்சதை எழுதுறன்.

இந்த ஓட்டங்கள் ரெண்டு வகை, இது விளங்காமப் போனா ஒரு நாள் வீணாப் போயிடும். ஒண்டு, தனக்கெண்டு சொந்தப் பாதை வைச்சிருக்கிற பழைய ரயில்வே. மெல்பேர்ணுக்குக் கிழக்கால டண்டெனோங் மலையில பெல்கிரேவில இருந்து ஜெம்புறூக் வரைக்கும் ஓடுற பஃபிங் பில்லி, நான் சொன்ன காசில்மெயின் மோல்டன் பாதை, நியூ சவுத் வேல்ஸ்ல லித்கோவுக்குக் கிட்ட இருக்கிற ஸிக் ஸாக் (2013 காட்டுத்தீயில எரிஞ்சு 2023லதான் திரும்ப ஓடத் தொடங்கினது), தெற்கு அவுஸ்திரேலியாவில குவோர்ன் பக்கம் ஓடுற பிச்சி ரிச்சி, இதெல்லாம் அந்த வகை. மற்றது மெயின் லைன் டூர். தினசரி ஓடுற கோச்சிகளுக்கும் சாமான் கோச்சிகளுக்கும் நடுவில, வருசத்தில சில நாள் மட்டும் பழைய எஞ்சினையும் பழைய பெட்டியையும் பூட்டி நாட்டுப்புறத்துக்கு விடுவினம். விக்டோரியாவில ஸ்டீம்ரெயில், 707 ஒப்பரேஷன்ஸ் எண்ட சங்கங்கள், சிட்னிப் பக்கம் ட்ரான்ஸ்போர்ட் ஹெரிடேஜ், இவைதான் கூட ஓடுறவை. பெரிய எஞ்சினுகள் எல்லாம் இதிலதான் வரும், கிளாஸ்கோவில கட்டி 1950களின்ர தொடக்கத்தில கப்பலில வந்த ஆர் கிளாஸ் கரி எஞ்சின், 1943ல சிட்னி கிளைட் பட்டறையில இருந்து வெளிய வந்த 3801.

முதல்தரம் போறவை சொந்தப் பாதை வகையிலயே தொடங்குங்கோ. ஒரே நாளில போய்த் திரும்பி வரும், காலமை பிழைச்சா பின்னேரம் திருத்தலாம். மெயின் லைன் டூர் எண்டா ஒரு இடத்தைத் தாண்டிறது ஒருக்காத்தான், இருபது செக்கனில முடிஞ்சிடும்.

பஃபிங் பில்லி எங்களுக்கு இன்னொரு விதத்திலயும் கிட்டின சொந்தம். அதின்ர தண்டவாள அகலம் 2 அடி 6 அங்குலம், 762 மில்லிமீட்டர். எங்கட களனிப் பள்ளத்தாக்குப் பாதை, மருதானையில இருந்து நுகேகொடை, மகரகம, ஹோமாகம எண்டு அவிசாவளைக்குப் போறது, 90களில அகலப் பாதையா மாத்தும் வரைக்கும் இதே 2 அடி 6 அங்குலம்தான். அம்மா அந்தச் சின்னக் கோச்சியில ஏறி வேலைக்குப் போனவ. பஃபிங் பில்லி வீடியோவைக் காட்டினோடன 'இது எங்கட கேவி கோச்சி மாதிரியெல்லோ' எண்டுதான் முதல் வார்த்தை, கேவி எண்டா களனி வலி, அந்தப் பள்ளத்தாக்குப் பாதைதான்.

எப்ப போறது எண்டதில கவனம் வேணும். எங்கட ஆக்கள் டிசம்பர் லீவுக்குத்தான் கூடப் போறவை, கரிக்கோச்சிக்கு அது சரியில்லாத காலம். அங்க அப்ப கோடை, புல்லு காஞ்சு கிடக்கும், எஞ்சின் புகைபோக்கியில இருந்து ஒரு நெருப்புப் பொறி விழுந்தாலே காணும். 'டோட்டல் ஃபயர் பான்', வெளியில நெருப்பே மூட்டக்கூடாது எண்டு அறிவிக்கிற நாளில கரி எஞ்சினை எடுக்க விடமாட்டினம், டீசல் எஞ்சினைப் பூட்டி ஓடுவினம் இல்லாட்டி ஓட்டத்தையே நிப்பாட்டிடுவினம். ஏப்ரலில இருந்து செப்டெம்பர் வரைக்கும் போனால்தான் நம்பிப் போகலாம். இன்னொரு காரணம் குளிர். நீராவி குளிர் காத்தில பட்டாத்தான் வெள்ளையாத் திரண்டு தெரியும், முப்பத்தஞ்சு பாகை வெயிலில எஞ்சின் எவ்வளவு கஷ்டப்பட்டு இழுத்தாலும் மேல ஒண்டும் தெரியாது. யூன், யூலை மாசம் விடிய எட்டு மணிக்கு, புல்லில உறைபனி கிடக்கிற நேரம், அப்ப வாற நீராவி பெட்டி முழுக்க மூடிக்கொண்டு பின்னால இழுபடும், அதைப்போல வடிவு வேற இல்லை. சிட்னியில சொந்தம் இருந்தா ஏப்ரலில மெயிற்லன்டில நடக்கிற ஸ்டீம்ஃபெஸ்டுக்குப் போங்கோ, ஒரே இடத்தில பல எஞ்சின் பாக்கலாம், கரிக்கோச்சியும் டைகர் மொத் எண்ட பழைய பிளேனும் போட்டிக்கு ஓடுறதையும் பாக்கலாம். ஆனா சனம் அதிகம், சத்தம் சுத்தமா எடுக்க ஏலாது.

சூரியன் விசயம் கொழும்பில இருந்து போறவை கட்டாயம் தெரிஞ்சிருக்கவேணும். இஞ்ச எங்களுக்கு மத்தியானம் சூரியன் உச்சந்தலைக்கு மேல, எந்தப் பக்கம் நிண்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அங்க சூரியன் வடக்கு வானத்தில நிக்கும், யூன் மாசம் மெல்பேர்ணில நடு மத்தியானத்திலயே அடிவானத்தில இருந்து 29 பாகை உயரம்தான். அதால தண்டவாளத்துக்கு வடக்குப் பக்கம் நிண்டு எடுத்தா வெளிச்சம் எஞ்சினில விழும், தெற்குப் பக்கம் நிண்டா கறுப்புச் சுவர் ஒண்டு போற மாதிரித்தான் வரும், கரி எஞ்சின் ஏற்கனவே கறுப்பு எண்டதால இன்னும் மோசம். உதாரணத்துக்கு மெல்பேர்ணில இருந்து பெண்டிகோவுக்கு வடமேற்கால போற டூர் எண்டா காலமை சூரியன் வடகிழக்கில, கோச்சியின்ர வலப்பக்கம் நல்லா வெளிச்சமா இருக்கும், அந்தப் பக்கம் நில்லுங்கோ. பின்னேரம் அதே கோச்சி திரும்பி வரேக்க சூரியன் அதுக்குப் பின்னால, எஞ்சினின்ர முகம் இருட்டு, ஆனா நீராவி பின்வெளிச்சத்தில தங்கம் மாதிரி மின்னும், அந்த நேரம் எஞ்சினின்ர விபரம் காட்ட முயற்சிக்காம நீராவியையும் நிழலுருவையும் மட்டும் எடுங்கோ. குளிர்காலத்தில அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டிடும் எண்டதையும் மறக்காதேங்கோ.

இனி இடம். எல்லாரும் முதல் தேடுறது பாலம். பாலம் நல்லதுதான், பெல்கிரேவுக்குக் கிட்ட மொன்பல்க் கிரீக் மரப்பாலமும், பெண்டிகோ பாதையில 1860ல கட்டின மாம்ஸ்பெரிக் கல்லுப் பாலமும் பாக்கவேண்டியதுதான். ஆனா பாலத்தில எஞ்சின் பெரும்பாலும் உழைக்காம உருண்டு போகும், சத்தமும் இல்லை, புகையும் இல்லை. என்னைக் கேட்டா ஏத்தம் தேடுங்கோ. ஏத்தத்தில எஞ்சின் வேகம் குறைஞ்சு, ஒவ்வொரு மூச்சும் தனித்தனியாக் கேக்கும், வீடியோவுக்கும் நேரம் கிடைக்கும். சிட்னிக்கு வடக்கால ஹோக்ஸ்பெரி ஆத்தைத் தாண்டிச் சிட்னியை நோக்கிக் கவன் வரைக்கும் ஏறுற பாதை நாப்பது அடி ஓடினா ஒரு அடி உயரும், எங்கட கடுகண்ணாவை ஏத்தம் மாதிரி மனசில வைச்சுக்கொள்ளுங்கோ. நியூ சவுத் வேல்ஸ்ல யூனி எண்ட டவுனுக்குப் பக்கத்தில பெதுங்ராவில சிட்னிக்குப் போற பாதை ஒரு குன்றைச் சுத்தித் தன்னைத் தானே கடந்து ஏறும், தெமோதரை வளையம் பாத்த ஆளுக்கு உடன விளங்கும்.

ஸ்டேசனில இருந்து வெளிக்கிடுற இடமும் நல்லது. எஞ்சின் வெளிக்கிடேக்க சிலிண்டருக்குள்ள நிண்ட தண்ணியை வெளிய விடுவினம், ரெண்டு பக்கமும் சீறிக்கொண்டு வெள்ளையா அடிக்கும். காசில்மெயினுக்கும் மோல்டனுக்கும் நடுவில முக்கல்ஃபோர்ட் எண்டு ஒரு சின்ன ஸ்டேசன், சுத்திவரக் காடு, அங்க நிண்டு எடுத்ததுதான் என்ர வீடியோக்களில எனக்கு ஆகப் பிடிச்சது.

ஒரு நாளைக்கு ரெண்டு இடம், கூடினா மூண்டு. நான் இதைப் பட்டுத்தான் படிச்சன். முதலாவது மெயின் லைன் டூருக்கு அத்தானோட போகேக்க மேப்பில ஆறு இடம் குறிச்சுக்கொண்டு போனன், 'அத்தான், அடுத்த கடவைக்குக் கெதியாப் போங்கோ, பிடிச்சிடலாம்' எண்டு காரில நான் அவசரப்படுத்த, அவர் ஆறுதலாச் சொன்னார், 'மச்சான், அது போனாப் போகட்டும், ரோட்டில கங்காரு நிக்குது.' கடைசியில ஆறு இடத்திலயும் கோச்சியின்ர வால்தான் கிடைச்சது, ஒண்டிலயும் ட்ரைபொட் ஒழுங்கா நிக்கேல்லை. இப்ப என்ன செய்யிறன் எண்டா, முதல் நாளே போய் இடத்தைப் பாத்து, எந்தப் பக்கம் வெளிச்சம், எங்க கார் விடலாம், கரண்ட் கம்பி குறுக்கால போகுதா எண்டெல்லாம் வடிவாப் பாத்து வைச்சிட்டு, அண்டைக்கு ஒரு மணித்தியாலம் முதலே போய் நிக்கிறன். வழியில எஞ்சினுக்குத் தண்ணி நிரப்ப எங்க நிக்கும் எண்டு டூர் அட்டவணையில பாருங்கோ, அந்த நேரத்துக்குள்ளதான் ஆறுதலா அடுத்த இடத்துக்குப் போகலாம். போற வழியில எஞ்சின் முன்னால இருந்தாலும் திரும்பி வரேக்க சில டூரில டீசல் முன்னுக்கு வரும், இல்லாட்டி கரி எஞ்சின் பின்பக்கமா ஓடி வரும், அதையும் முன்னமே கேட்டு அறிஞ்சு வையுங்கோ. கிராமப்புறத்தில போன் சிக்னல் இல்லாமப் போயிடும், மேப்பை வீட்டிலயே டவுன்லோட் பண்ணுங்கோ, பெற்றோலும் நிரப்புங்கோ.

கமராவைப் பற்றிக் கனக்கச் சொல்லத் தேவையில்லை, இப்ப இருக்கிற போனே காணும். செய்யவேண்டியது இவ்வளவுதான்: கோச்சி வரப்போற இடத்தில ஒரு சிலிப்பர் கட்டையைத் தொட்டு ஃபோகஸையும் வெளிச்சத்தையும் லொக் பண்ணுங்கோ, இல்லாட்டி எஞ்சின் முன் லைட் நேர பட்டோடன படம் இருண்டு போயிடும். லொக் பண்ணினாப் பிறகு வெளிச்சத்தை ஒரு துளி குறையுங்கோ, வெள்ளை நீராவி வெளிறிப் போனா பிறகு திருத்த ஏலாது, கறுப்பு எஞ்சினைக் கொஞ்சம் தூக்கலாம். கையால செற் பண்ணுற கமரா எண்டா செக்கனுக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 50ல ஒண்டு, வெளிச்சம் கூடினா என்டி ஃபில்டர், லென்ஸுக்கு முன்னால பூட்டுற வெளிச்சம் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி. ட்ரைபொட்டில வைச்சா ஆட்டம் குறைக்கிற வசதியை நிப்பாட்டுங்கோ. சூம் பண்ணிக்கொண்டே கமராவைத் திருப்பாதேங்கோ, ரெண்டில ஒண்டு. திருப்பேக்க காலை கோச்சி போய் முடியிற பக்கம் பாக்க ஊண்டிட்டு, இடுப்பை மட்டும் கோச்சி வாற பக்கம் திருப்பி நில்லுங்கோ, கோச்சி வர வர உடம்பு தானா இளகி நேராகும், ஆட்டமே வராது. பற்றரி குளிரில கெதியா இறங்கும், ரெண்டாவதைச் சட்டைப் பொக்கற்றுக்குள்ள சூட்டில வையுங்கோ.

சத்தத்துக்கு வாறன், எனக்கு இதுதான் பெரிசு. கரிக்கோச்சி வீடியோவைக் கண்ணை மூடிக் கேட்டாலும் அது ஏறுதா இறங்குதா, கிட்ட வருதா எட்டப் போகுதா எண்டு விளங்கவேணும். ரெண்டு சிலிண்டர் எஞ்சின் சில்லு ஒருக்காச் சுத்த நாலு மூச்சு விடும், ஏத்தத்தில அதை எண்ணலாம். போனின்ர மைக் என்ன செய்யும் எண்டா, விசில் அடிச்சோடன பயந்து சத்தத்தைத் தானாக் குறைச்சிடும், பிறகு அந்த மூச்சுச் சத்தம் தண்ணிக்குள்ள கேக்கிற மாதிரிப் போயிடும். அதால தனி ரெக்கோடர் ஒண்டு வாங்குங்கோ, விலை குறைஞ்சதே காணும், தானாக் கூட்டிக் குறைக்கிறதை நிப்பாட்டிட்டு, சாதாரண மூச்சுச் சத்தம் மீட்டரில பாதிக்குக் கொஞ்சம் மேல நிக்கிற மாதிரி வையுங்கோ, விசிலுக்கு மேல இடம் இருக்கட்டும். மைக்குக்கு மயிர் உறை கட்டாயம், அங்கத்தைய வெட்டவெளியில காத்து நிக்கவே நிக்காது. ரெக்கோடரை கமராவுக்குப் பக்கத்தில வைக்காம, பத்துப் பதினைஞ்சு மீட்டர் தள்ளி வேலிக் கம்பத்தடியில வைச்சா உங்கட சப்பாத்துச் சத்தமும் பக்கத்தில நிக்கிறவையின்ர கதையும் விழாது.

கோச்சி வர அஞ்சு நிமிசத்துக்கு முதலே ரெக்கோட் தொடங்குங்கோ. எங்கேயோ ரெண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கடவைக்கு அடிக்கிற விசில், மக்பை குருவி கத்துறது, பிறகு தண்டவாளம் மெல்லமா முனகிறது, இதெல்லாம் சேந்துதான் அந்த இடம். கோச்சி போனாப் பிறகும் நிப்பாட்டாதேங்கோ, சத்தம் காட்டுக்குள்ள கரைஞ்சு முடியும் மட்டும் விடுங்கோ. இதுக்குள்ள ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது. மருமகளுக்கு ஏழு வயசிலயே இது பழகிட்டு, ரெக்கோட் லைட் சிவப்பாகினா வாயில விரலை வைச்சுக்கொண்டு நிப்பாள், போய் முடிஞ்சோடன 'மாமா, இப்ப கதைக்கலாமோ' எண்டு கேப்பாள். எட்டத்தில எடுக்கேக்க விசிலில இருந்து வெள்ளை நீராவி கிளம்புறது முதல் தெரியும், சத்தம் பிந்தித்தான் வரும், ஒரு கிலோமீட்டருக்கு மூண்டு செக்கன், அதை எடிட்டிங்கில இழுத்துப் பொருத்தாதேங்கோ, அந்தப் பிந்திற நேரம்தான் எவ்வளவு தூரம் எண்டு பாக்கிறவைக்குக் காட்டுது.

டீசல்தானே எண்டு கமராவை மூடிறவைக்கும் ஒரு சொல்லு. விக்டோரியாவில 1952ல வந்த பி கிளாஸ் டீசல், ரெண்டு பக்கமும் வட்ட மூக்கு வைச்சது, பழைய டூர் கோச்சிகளை இண்டைக்கும் இழுக்குது. அதுக்குள்ள இருக்கிறது ஜெனரல் மோட்டர்ஸ் 567 வகை எஞ்சின். 1954ல இருந்து கனடாவில இருந்து இலங்கைக்கு வந்த எம்2 டீசல் எஞ்சினுகள், கனடா மாகாணங்களின்ர பேர் வைச்சது, அதுக்குள்ளயும் அதே 567 குடும்பம்தான். கோதுமைச் சைலோவுக்குப் பக்கத்தில நிண்டு அந்த உறுமலைக் கேக்கேக்க எனக்கு வெள்ளவத்தை ஸ்டேசன் பிளட்போமில நிக்கிற மாதிரி நெஞ்சு இளகிப் போச்சு.

பாதுகாப்பு. அங்க தண்டவாளம் மட்டுமில்லை, ரெண்டு பக்க வேலிக்கு உள்ளுக்க இருக்கிற நிலம் முழுக்க ரயில்வே இடம், உள்ள போனா குற்றம், தண்டப்பணம் வரும். இஞ்ச நாங்கள் பாதையில நடந்து பழகின ஆக்கள், அந்தப் பழக்கத்தைக் கட்டுநாயக்காவிலயே விட்டிட்டுப் போங்கோ. கரையோரப் பாதையில செல்பி எடுக்கப் போய் எத்தினை பிள்ளைகள் போச்சுது எண்டு எங்களுக்குத் தெரியும். ஒரு ஆள் வேலி தாண்டினதால டிரைவர் பிரேக் பிடிச்சா, ஓட்டத்துக்கு அனுமதி குடுக்கிறவை அடுத்ததுக்கு யோசிப்பினம், பாதிக்கப்படுறது சம்பளம் இல்லாம வேலை செய்து எஞ்சினை உயிரோட வைச்சிருக்கிற அந்த வயசுபோன மனிசர். ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி ஆட்டாதேங்கோ, அது டிரைவருக்கு நிப்பாட்டு எண்ட சைகை, ஒரு கையால ஆறுதலாக் காட்டினாக் காணும். ஃபிளாஷ் அடிக்காதேங்கோ. கமக்காரரின்ர கேற்றை மறிச்சுக் கார் விடாதேங்கோ, காஞ்ச உயரப் புல்லுக்கு மேலயும் விடாதேங்கோ, சைலன்சர் சூட்டில பத்திக்கொள்ளும். புல்லுக்குள்ள பாம்பு இருக்கும், சப்பாத்தும் நீளக் காற்சட்டையும் போடுங்கோ. ஓடுற காரில இருந்து எடுக்கிறதெண்டா ஓட்டுறவர் ஓட்டட்டும், மற்ற ஆள் எடுக்கட்டும், கோச்சி வேகத்துக்குக் காரை மெதுவாக்கிப் பின்னால வாறவையை மறிக்கிறது சரியான பிழை. ட்ரோன் எண்டா 120 மீட்டருக்கு மேல போகக்கூடாது, ஆக்களில இருந்து 30 மீட்டர் தள்ளி, கண்ணுக்குத் தெரியிற தூரத்துக்குள்ள, பகலில மட்டும். நானெண்டா கொண்டு போறேல்லை, அதின்ர இரைச்சல் பக்கத்தில நிக்கிற எல்லாற்ற சத்தத்தையும் கெடுக்கும்.

போறதுக்கு முதல் இஞ்சயே பழகுங்கோ. பம்பலப்பிட்டியில இருந்து தெஹிவளை வரைக்கும் கடற்கரைப் பாதை, அரைமணித்தியாலத்துக்குள்ள ரெண்டு மூண்டு கோச்சி, இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எங்க கிடைக்கும். பிளட்போமில நிண்டு எடுக்கிறதெண்டா ஸ்டேசன் மாஸ்டரிட்ட கேட்டிட்டு எடுங்கோ, பாதைக்குள்ள இறங்காதேங்கோ. காலமை வெளிச்சம் தரைப்பக்கத்தால, பின்னேரம் கடல்பக்கத்தால, ரெண்டிலயும் எடுத்துப் பாத்தா முன்வெளிச்சம் பின்வெளிச்சம் விளங்கிடும். அலைச் சத்தத்துக்குள்ள கோச்சிச் சத்தத்தைப் பிரிச்சு எடுக்கப் பழகினா அங்க காத்துக்குள்ள எடுக்கிறது லேசு. உப்புத் துளி லென்ஸில படியும், வீட்டுக்கு வந்தோடன துடையுங்கோ. வைஸ்ரோய் ஸ்பெஷல் கரிக்கோச்சி கோட்டையில இருந்து ஓடுற நாள் தெரிய வந்தா விடாதேங்கோ. கடுகண்ணாவை ரயில்வே மியூசியத்துக்கும் ஒருக்காப் போய் எஞ்சினைக் கிட்ட நிண்டு பாருங்கோ, எந்தப் பகுதி எங்க இருக்கெண்டு தெரிஞ்சா எதை எடுக்கிறதெண்டும் தெரியும்.

எடிட்டிங்கில பாட்டுப் போடாதேங்கோ. ஒரு இடம் ஒரு ஷொட், ஒண்டரை நிமிசமோ ரெண்டு நிமிசமோ வெட்டாம விடுங்கோ. தொடக்கத்தில எஞ்சின் நம்பர், இடம், திகதி, எந்தச் சங்கத்தின்ர ஓட்டம் எண்டு நாலு சொல்லு எழுதினாக் காணும், பத்து வருசம் கழிச்சு அந்த எஞ்சின் பட்டறைக்குள்ள போனாப் பிறகு அதுதான் ஆக்கள் தேடுவினம். ஒரு கொப்பியை அந்தச் சங்கத்துக்கும் அனுப்புங்கோ, இன்னொரு தரம் போகேக்க ரோட்டோரத்தில நிண்டு எடுக்கிறதோட நிக்காம ஒரு ரிக்கற்றும் வாங்கி ஏறுங்கோ, ஜன்னலைத் திறந்து எஞ்சினுக்குப் பின்னால முதலாவது பெட்டியில இருந்து எடுக்கிற சத்தம் வெளிய நிண்டு எடுக்கேலாது, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு இருங்கோ, கரித்தூள் வந்து விழும்.